நகராட்சிக்கு என் மகள் வாங்கிய ஜெனரேட்டர்

எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் ஜெனரேட்டர் எங்கே என்று தேடுவார்கள். மற்ற ஊர்களில் அது வாசலிலேயே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும். இங்கே கட்டடத்தின் பின்பக்கம் போக வேண்டும். போனாலும் தரையில் இருக்காது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கான்கிரீட் மேடை, அதன் மேல் பச்சைப் பெட்டியாக அது உட்கார்ந்திருக்கும். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு கதவைத் திறந்தால் அந்த மேடைக்குப் போகலாம். ஊரில் அதற்குப் 'பரண் ஜெனரேட்டர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். இப்போது வழி சொல்வதற்கும் அதே பெயர்தான்.

அதை அங்கே ஏற்றி வைத்தது என் மகள். நகராட்சியில் உதவிப் பொறியாளர். முதலில் நாகப்பட்டினம் பக்கம் வேலை பார்த்துவிட்டு, மாற்றலாகிச் சொந்த ஊருக்கே வந்திருந்தாள். நான் இங்கே மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் ஆசிரியை. கணவருக்குத் திருத்துறைப்பூண்டி சாலையில் கொஞ்சம் நிலம், கொஞ்சம் குத்தகை. சொந்த ஊரில் வேலை என்றால் நிம்மதி என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படி இல்லை. வெளியூரில் அவளை யாராவது திட்டினால் என் காதுக்கு வராது. இங்கே காய்கறிக் கடையில் நின்றாலே வந்துவிடும்.

எங்களுடையது கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும். மழைத் தண்ணீர் மட்டும் எல்லா ஊரிலிருந்தும் ஒன்றாகக் கிளம்பி முதலில் எங்களிடம் வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் பெரும்புயல் அடித்தபோது நகராட்சியின் பழைய ஜெனரேட்டர் வாசலில், தரையில் இருந்தது. காற்று நின்ற பிறகு வந்த தண்ணீரில் அது மூழ்கியது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிதண்ணீர்த் தொட்டி காலியாகி, லாரிக்காகக் குடத்தோடு நாங்கள் நின்றோம். என் மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து காற்று கொஞ்சம் பலமாகத் தென்னையை உலுக்கினாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். வகுப்பில் பாடம் நடத்தும்போதும் அப்படித்தான்.

புது ஜெனரேட்டர் வாங்க அனுமதி வந்ததும் அந்த வேலை அவளிடம் வந்தது. மாடியில் இருக்கும் பெரிய கூடம்தான் மழைக்காலத்தில் ஊருக்கு நிவாரண முகாம் என்பதால், இது அலுவலகத்துக்கு மட்டுமான ஜெனரேட்டர் இல்லை. எது வாங்குவது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. பெரியதாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் நூற்று இருபத்தைந்து கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்கிறது, நகராட்சி அதற்குக் குறைந்தால் மரியாதை என்ன ஆவது? அவள் மட்டும் கம்பியை இடுக்கி மாதிரி கவ்வி அளக்கும் ஒரு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். மின்சாரம் நின்றால் எது ஓடியே ஆக வேண்டும், எது நின்றால் யாரும் சாகமாட்டார்கள் என்று பிரித்தாள். கூடத்து விளக்குகள், மின்விசிறிகள், குடிதண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் இரண்டு, வளாகத்தில் தேங்கும் மழைத் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளும் மோட்டார் ஒன்று, கணினிகள், ஒலிபெருக்கி, செல்போன் சார்ஜ் போட ஒரு வரிசை. ஏசிகள் எதுவும் அதில் இல்லை. தலைவர் அறை ஏசியும் இல்லை.

பாதி அளவு போதும் என்பது அவள் முடிவு. வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்.

"ஏம்மா வம்பு? அவங்க கேக்குற பெரிசையே வாங்கிட்டுப் போயேன். நாளைக்கு ஒண்ணுன்னா பெரிசு வாங்குனவள யாரும் கேக்கமாட்டாங்க. சின்னது வாங்குனவளத்தான் கேப்பாங்க."

"அம்மா, பெரிய மெஷின சும்மா லைட் எரிய மட்டும் ஓட்டுனா அது டீசலையும் குடிக்கும், உள்ள கரியும் அடைக்கும். ரெண்டு மழைக்காலம் தாங்காது. அது மட்டும் இல்ல, முகாம் நடக்குறப்போ ரோடு மூழ்கிடுச்சுன்னா டீசல யாரு கொண்டாருவா? இருக்குற டீசல்ல ரொம்ப நேரம் ஓடுறதுதான் நமக்கு வேணும்."

"அப்ப மேடை?"

"அது ஏன்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். என் கணவர் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, "வயலுக்கு இன்ஜின் வாங்குறப்ப என்கிட்ட இப்பிடி ஒருத்தி சொல்லலியே" என்றார். அது பாராட்டா, அலுப்பா என்று அவர் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நகர்மன்றக் கூட்டத்தில் நடந்ததை அவளே வந்து நடித்துக் காட்டினாள். எங்கள் வார்டு கவுன்சிலர் எழுந்து நின்றாராம். சத்தமாகப் பேசுவார், வீட்டுக்கு வீடு வந்து நலம் விசாரிப்பார், கெட்டவர் இல்லை. "இன்ஜினியர் பாப்பா நல்லாப் படிச்ச புள்ள. ஆனா பாருங்க, நம்ம சேர்மன் அம்மா ரூம் ஏசிக்குக் கரண்டு கெடையாதாம். ஜெனரேட்டருக்கு மட்டும் மாடி வீடாம்!" என்றிருக்கிறார். மொத்தக் கூட்டமும் சிரித்திருக்கிறது.

நகர்மன்றத் தலைவி என் வயதுக்காரர். அவர் சிரிக்கவில்லை. "நீ சொல்றதத்தான் எழுதப்போறோம். கையெழுத்து உன்னுது. மழையில நின்னு போச்சுன்னா ஊரு என்னைக் கேக்கும், நான் உன்னைக் கேப்பேன். சரியா?" என்றாராம்.

"சரின்னு சொல்லிட்டேம்மா" என்றாள் மகள்.

ஜெனரேட்டர் வந்து இறங்கிய அன்று கிரேன் வைத்து மேடையில் ஏற்றினார்கள். பூசைக்கு வந்த குருக்கள் மேடை விளிம்பைப் பார்த்துப் பயந்து, படிக் கதவிலேயே நின்றுகொண்டு மந்திரம் சொல்லிப் பூவை வீசினார். பாதிப் பூ கீழே நின்ற கவுன்சிலர் தலையில் விழுந்தது. அலுவலக எலக்ட்ரீஷியன் எலுமிச்சம்பழத்தை நசுக்க இதற்குச் சக்கரம் இல்லையே என்று தேடிவிட்டு, கடைசியில் காலாலேயே மிதித்தார். பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். விளக்குகள் எரிந்தன. என் மகள் மூன்று மோட்டார்களையும் ஒன்று ஓடி நிதானத்துக்கு வந்த பிறகு அடுத்தது என்று வரிசையாகப் போட்டுக் காட்டினாள். எல்லாம் ஓடியது. கேசரி கொடுத்தார்கள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்தால் எங்களுக்குப் பழக்கம். இது விடவே இல்லை. நட்டுச் சில வாரமே ஆன சம்பாப் பயிர் மூழ்குகிறது என்று என் கணவர் வடிகாலை வெட்டிவிட வயலுக்குப் போய்விட்டார். மதியத்துக்குள் எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படி ஏறியது. தெருவே கிளம்பி நகராட்சி மாடிக் கூடத்துக்குப் போனது. நானும் இரண்டு பைகளோடு போனேன். மகள் காலையிலிருந்தே வடிகால் மதகுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

கூடம் நிரம்பியிருந்தது. மின்கம்பிகள் அறுந்து விழலாம் என்று பாதுகாப்புக்காக ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். பகல்தான் என்றாலும் மேகம் கவிந்து, முகம் தெரியாத இருட்டு. பின்பக்கம் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. விளக்குகள் எரிந்தன. "ஆ" என்று குழந்தைகள் கத்தி முடிப்பதற்குள் ஒரு முனகல் கேட்டது, விளக்குகள் மங்கின, எல்லாம் நின்றுபோயிற்று. மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது.

எனக்குப் பக்கத்தில் வேறு தெருவிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மாமனாருக்கு இழுப்பு. அவர் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசரை அவள் பையில் கொண்டு வந்திருந்தாள். அதற்கு மின்சாரம் வேண்டும்.

"யாரோ ஒரு பொண்ணு இன்ஜினியராம். சின்னதா வாங்கிப் போட்டுட்டாளாம். அவ வீட்டுல எல்லாம் சௌகரியமாத்தான் இருப்பாங்க" என்றாள் என்னிடம்.

நான் என் பையின் காதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கவுன்சிலர் கூடத்தின் நடுவில் நின்று, "நான் அன்னைக்கே சொன்னேன்! பெரிசா வாங்குங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டையும் முழுக்க நனைந்திருந்தது; காலையிலிருந்து முதியவர்களை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அதனால் எனக்கு அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

என் மகள் அப்போதுதான் உள்ளே வந்தாள். முழங்காலுக்கு மேல் வரை சேறு. என்னைப் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை. படிக் கதவைத் திறந்து மேடைக்குப் போனாள். "எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. நான் கேக்கணும்" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாள். கூடம் அடங்கியது. ஜெனரேட்டரைக் கிளப்பினாள். விளக்கு, முனகல், இருட்டு. அவ்வளவுதான். திரும்பி வந்து, "மூணு மோட்டாரும் ஒண்ணா இழுக்குது" என்றாள்.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் யாருக்கும் புரியும். வயல் மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. அதற்காகப் போர்செட்டில் காத்திருக்க முடியாது என்று எல்லோரும் மோட்டாரை 'ஆட்டோ'வில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். மின்சாரம் வந்த உடனே மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். எல்லார் மோட்டாரும் ஒரே நொடியில் எடுக்கும். ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு இழுக்கும் என்பதால், டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய்விடும். அப்புறம் எல்லோரும் போய் மின்வாரியத்தைத் திட்டுவோம். அடுத்த நாளும் ஆட்டோவில்தான் போடுவோம்.

எலக்ட்ரீஷியனுக்கும் நிலம் உண்டு. அவருடைய ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அன்று அவரால் வர முடியவில்லை. மகள் அவரைப் போனில் பிடித்தாள்.

"அண்ணே, மோட்டார மூணையும் ஆட்டோவுல போட்டீங்களா?"

"ஆமா பாப்பா, நேத்தே போட்டுட்டேன். மழையில நான் வர முடியாமப் போச்சுன்னா தண்ணி இல்லாம ஜனங்க கஷ்டப்படக் கூடாதுன்னு... கரண்டு வந்ததும் தானா எடுத்துக்கும்ல?"

"எடுத்துக்கிச்சுண்ணே. சரி, நான் பாத்துக்குறேன். நீங்க பத்திரமா இருங்க."

மோட்டார்கள் தண்ணீருக்குள்ளேயே ஓடும் வகை. ஆனால் ஆட்டோவை எடுத்துவிட வேண்டிய சுவிட்சுப் பெட்டி மூன்றுக்கும் கீழே, வளாகத்தின் ஓரத்தில் இருந்த மோட்டார் அறையில் இருந்தது. பெட்டி தலை உயரத்தில் இருந்தாலும் அறைக்குள் இடுப்புக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். மகள் வெளி மின்சாரம் வரும் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஜெனரேட்டரை நிறுத்தி அதன் சாவியை உருவினாள். நேராக என்னிடம் வந்து சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அம்மா, நான் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு பெட்டியத் தொறப்பேன். அந்த நேரத்துல யாராவது இதப் போட்டாங்கன்னா அவ்வளவுதான். நானே வந்து கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காத. சேர்மன் வந்து கேட்டாலும்."

நான் தலையாட்டினேனா என்றுகூட நினைவில்லை. அவள் டார்ச்சோடு வாட்ச்மேனை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பக்கத்திலிருந்த பெண் என்னையே பார்த்தாள். "உங்க பொண்ணா?" என்றாள். நான் மகள் இறங்கிய படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுன்சிலர் வந்தார். "டீச்சர், சாவியக் குடுங்க. சும்மா ஒரு தடவ போட்டுப் பாப்போம். சில நேரம் ரெண்டு மூணு தடவ போட்டா எடுத்துக்கும்."

"அவ வரட்டும்ங்க."

"அது வரைக்கும் பெரியவர் தாங்குவாராங்க? பாருங்க அவர."

பார்த்தேன். அவருடைய கழுத்தெலும்புகள் ஏறி இறங்கின. அந்தப் பெண் என் காலடிக்கே நகர்ந்து வந்துவிட்டாள். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் மெஷின் ஓடுனாப் போதும்க்கா. மாமாவுக்கு மருந்து ஏறிடும். உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"எம்பொண்ணு தண்ணிக்குள்ள நிக்கிறா" என்றேன்.

"போயி ரொம்ப நேரமாச்சே டீச்சர், பாப்பா வேலைய முடிச்சிருக்கும். குடுங்க நான் போடுறேன்" என்று கவுன்சிலர் கையை நீட்டினார். சுற்றியிருந்தவர்களும் "குடுங்க டீச்சர், குடுங்க டீச்சர்" என்றார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பாக்கள், பால் ஊற்றுகிறவர், தையற்கடைக்காரர். யாரும் எனக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. இத்தனை நல்லவர்கள் சேர்ந்து என் மகளைக் கொன்றுவிடுவார்கள் போல இருந்தது.

நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. பள்ளியில் பின்வரிசைப் பிள்ளைகள் என் குரல் கேட்கவில்லை என்று புகார் சொல்வார்கள். அன்று எழுந்து நின்று, சாவி இருந்த கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "அவ வந்து கேக்காம இத எவன் கையிலயும் குடுக்கமாட்டேன்! வேணும்னா என்னத் தூக்கிட்டுப் போயிப் போடுங்க!" என்று கத்தினேன். என் குரல் கூடத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கவுன்சிலர் ஓரடி பின்னால் போனார். கொஞ்சம் கழித்து அவரே பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட ஆரம்பித்தார்.

படியில் ஈரக்கால் சத்தம் கேட்கும்வரை நான் உட்காரவில்லை. மகள் வந்தாள். தலையிலிருந்து சொட்டச் சொட்டக் கையை நீட்டினாள். சாவியை எடுத்துக் கொடுக்க என் விரல்கள் விரியவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாக விரித்து எடுத்துக்கொண்டாள்.

ஜெனரேட்டர் கிளம்பியது. விளக்குகள் எரிந்தன. முனகல் வருகிறதா என்று கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வரவில்லை. நெபுலைசர் 'டர்ர்' என்று ஓட ஆரம்பித்தது, பெரியவர் முகத்தில் வெண்புகை படர்ந்தது. மறுபடி கீழே போய், வாட்ச்மேனை விலக்கி நிறுத்தி, உலர்ந்த கட்டையால் அவள் முதல் மோட்டாரின் பட்டனைத் தட்டினாள் என்று பிறகு அறிந்தேன். மோட்டார் அறைக்குள் தண்ணீருக்கு மேல் வரும்படி மேசை மேல் மேசை போட்டு, அதில் ஏறிக் குந்திக்கொண்டுதான் தட்டினாளாம். விளக்குகள் லேசாக மங்கித் தெளிந்தன. கொஞ்ச நேரம் விட்டு அடுத்தது. அப்புறம் மூன்றாவது. குடிதண்ணீர்க் குழாயில் காற்று சீறிவிட்டுத் தண்ணீர் விழுந்தது.

அவள் மேலே வந்ததும் கவுன்சிலர், "யாரு பாப்பா ஆட்டோவுல போட்டது? அந்த எலக்ட்ரீஷியன்தானே? அவன இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல சார். அந்தச் சுவிட்சுக்குப் பூட்டு போட்டிருக்கணும். போடாம விட்டது நான்தான்" என்றாள் அவள். சொல்லிவிட்டுத் துண்டால் தலையைத் துவட்டப் போய்விட்டாள்.

அவள் பொறியியல் முடித்தபோது, அரசு வேலை கிடைத்தபோது எல்லாம் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அவை எல்லாம் நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற பெருமைகள். இது வேறு மாதிரி இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தன் மேல் விழ வேண்டிய பழியை அவள் ஏற்றுக்கொண்டாள் என்பதுகூடத் தெரியாமல் இருந்தார். அந்தக் கூடத்தில் அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். எனக்கு நெஞ்சு நிறைந்து, அழுகையும் வந்தது. பக்கத்துப் பெண் தன் முந்தானையைக் கொடுத்தாள்.

மழை விட்டுத் தண்ணீர் வடியும்வரை அது ஓடியது. இருந்த டீசலிலேயே ஓடியது. இரண்டாம் நாளே கூடத்தில், "இந்தச் சத்தத்துல மனுசன் கண்ணசர முடியல" என்று புகார் வந்துவிட்டது. புகார் சொன்னவர் அந்த மாமனார். எனக்கு அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

என் கணவர் சேறும் சகதியுமாக வந்து நடந்ததைக் கேட்டார். நேரே மேடைக்குப் போய், ஓடும் ஜெனரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வயல்ல ஆட்டோவக் கழட்டிடலாம்னு பாக்குறேன்" என்றார். இன்றுவரை கழற்றவில்லை.

முகாம் கலைந்த அன்று நகர்மன்றத் தலைவி மேடைக்கு வந்தார், கவுன்சிலரும் கூட. கவுன்சிலர் ஜெனரேட்டரின் பக்கவாட்டைக் கன்றுக்குட்டியைத் தட்டுவது போலத் தட்டி, "அடுத்தது நம்ம நகராட்சி ஆஸ்பத்திரிக்குங்க. இதே மாதிரி பரண்லதான் வைக்கணும். பாப்பாவே பாக்கட்டும்" என்றார். தலைவி என் மகளைப் பார்த்தார். "கையெழுத்து உன்னுதுதான். சரியா?"

வேண்டாம், போதும், வேறு யாராவது பார்க்கட்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அந்தத் தண்ணீர், அந்த நீட்டிய கைகள் எல்லாம் இன்னும் என் உடம்பிலேயே இருந்தன, இப்போதும் இருக்கின்றன. அதற்குள் அவள் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குழந்தைகளுக்கான தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி ஆஸ்பத்திரியில் எந்த அறையில் இருக்கிறது என்று கவுன்சிலரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன்.